சோமசேகரத்தின் சொற்கொப்பியும் ஜெயகௌரி வீட்டு விறாந்தையும்

கோப்பாய்ச் சோமசேகரத்துக்கு ஜெயகௌரி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. அறுபத்து நான்கு வயதில், பென்சன் எடுக்கிற, ஊரில் பேரும் மரியாதையும் உள்ள ஒரு மனிதர், தன்னைவிட இருபது வயது இளைய ஒரு பெண்ணின் வீட்டுப் படலையை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தார். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். “எனக்கென்ன பொறாமை? தொழிலிலை ஒரு ஒழுங்கு வேணுமெண்டுதான் சொல்லுறன்” என்பார். ஒழுங்காவது மண்ணாங்கட்டியாவது! பச்சைப் பொறாமைதான்.

இருவரும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள். பிறப்பு, கலியாணம், விவாகரத்து, இறப்பு, பொலிஸ் முறைப்பாடு என்று வெளிநாடு போகிற காகிதம் எதுவானாலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து வருவதைத் தமிழாக்கி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஆகவே காகிதத்துக்கும் குறைவில்லை.

சோமசேகரம் இருபத்திரண்டு வயதில் கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். அங்கே தூசி பிடித்துக் கிடந்த பழைய ஆங்கிலக் கோவைகளை வாசித்து வாசித்தே ஆங்கிலம் பழகினார். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து ஊரே சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, மனைவி ஞானாம்பிகை அரிசி மூட்டையைக் காட்டினாள். இவர் ஒரு தலையணை அளவு அகராதியைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் கட்டினார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. அதற்கு மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மொழிபெயர்ப்பாளர் ஆனார். எழுதியிருப்பதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்பதுதான் சத்தியம். வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று சொல்லச் சொல்லி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதை அவராகவே மனதுக்குள் சேர்த்துக்கொண்டார்.

சேர்த்துக்கொண்டபடி நடக்கவும் செய்தார். எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் யாரை விட்டுப் பிரிந்தது, யாருடைய பிறப்பு அத்தாட்சியில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் கிடக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடத்தில் ஒரு சொல் வெளியே வந்ததில்லை. கலியாண வீடுகளில் அவர் சாப்பாட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழும்பி வருவது அதனால்தான். நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருக்கிறவனின் காகிதம் முழுவதும் ஞாபகம் வரும்.

இப்படி வாயை இறுக்கிக் கட்டிய மனிதருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு. ரகசியத்தை வெளியே விடுவதற்கு ஆங்கிலத்தில் என்னென்ன சொற்கள் உண்டோ, அவை எப்போது பிறந்தன, எங்கே சுற்றித் திரிந்து எப்படி வந்தன என்று ஒரு தடித்த கொப்பியில் எழுதி வந்தார். இருநூற்றுப் பதினான்கு சேர்ந்திருந்தன. ‘டைவல்ஜ்’ என்பதற்குள் லத்தீனில் சனக்கூட்டத்தைக் குறிக்கும் சொல் ஒளிந்திருக்கிறது. ஒருவனுக்குத் தெரிந்ததை ஊருக்குத் தெரியச் செய்வது. ‘ரிவீல்’ என்றால் முக்காட்டை விலக்குவது. ‘ஸ்னிச்’ முதலில் மூக்கில் சுண்டுவதாக இருந்து, பிறகு மூக்காகவே மாறி, நூற்றுச் சொச்ச வருடத்துக்குள் பொலிசுக்கு ஆள் சொல்லுகிறவனாக வந்து நின்றது. அடுத்தவன் விசயத்தில் மூக்கை நுழைக்கிறவனுக்குப் பொருத்தம்தான் என்று பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார். உளறிக் கொட்டுவதற்கான ‘பிளாப்’ அறுநூறு வருடத்துச் சொல். அதற்கு விளக்கமே வேண்டாம், வாய் அடிக்கும் சத்தம்தான்.

ஏன் ஆங்கிலத்தில் மட்டும்? அதற்கும் காரணம் இருந்தது. ‘பிட்ரே’ என்ற சொல்லுக்குள் ‘கையில் கொடுத்துவிடுதல்’ என்ற பழைய பொருள் இருப்பதைக் கண்டபோது, அதன் பக்கத்தில் தமிழில் ‘காட்டிக்கொடுத்தல்’ என்று எழுதப்போனார். பேனை ஓடவில்லை. ராணுவச் சுற்றிவளைப்பில் முகமூடிக்குள் இருந்து தலையை ஆட்டியவனால் வரிசையில் நின்றவர்கள் காணாமற்போனதை அவர் இளவயதில் பார்த்தவர். அந்தச் சொல்லைச் சுமத்திவிட்டால் பிறகு ஒருவன் உயிரோடு நடமாட முடியாத காலமும் இருந்தது. ஆங்கிலச் சொற்களில் அந்தப் பாரம் இல்லை. அவற்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

இந்தக் கொப்பியை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. காகிதம் கொண்டுவருகிறவர்களை இருத்தி, ஒரு சொல்லின் கதையைச் சொல்லி, “பாத்தியளோ, இத்தனை சொல்லு இருக்கு, ஒண்டைக்கூட நான் செய்யமாட்டன்” என்று முடிப்பார். வந்தவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று நினைத்தார். வந்தவர்களோ மணிக்கூட்டைப் பார்த்தார்கள். விசாவுக்கு நிற்கிறவனுக்கு லத்தீன் எதற்கு?

இந்த நிலையில்தான் கொழும்புத்துறையிலிருந்து ஜெயகௌரி வந்து, அவர் வீட்டுக்கு எதிரே நாலு வீடு தள்ளிக் குடியேறினாள். புருசன் கட்டாரில். வந்து இரண்டு மாதத்தில் படலையில் பலகை தொங்கியது. விறாந்தையில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, இரண்டு பிளாஸ்டிக் கதிரை. அவ்வளவுதான்.

அந்த இரண்டு கதிரையும் காலியாக இருந்ததே இல்லை! அதுதான் சோமசேகரத்தைக் கொன்றது. தன்னிடம் வருகிறவர்கள் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பென்சன் இருக்கிறது, வயிற்றுக்குக் குறைவில்லை. ஆனால் தன்னிடம் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு ஓடுகிற சனம் அங்கே போனால் ஒரு மணித்தியாலம் இருந்தது. கதைத்தது. அழுதது. வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாரத்தை இறக்கிவைத்த ஆள் மாதிரி வந்தது. இவரிடம் காகிதத்தை மட்டும் கொடுத்தார்கள். அவளிடம் காகிதத்தில் எழுதாததையும் கொடுத்தார்கள். இருபத்தாறு வருடம் வாயை மூடிக் காவல் காத்தவன் நான், கொட்டுகிறது அவளிடமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தமாதிரி ஜெயகௌரி முகநூலில் ஒரு வீடியோவும் போட்டாள். ரகசியத்தைக் கொட்டிவிடுவதை ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஏன் சொல்கிறார்கள் தெரியுமா, பழைய கிரேக்கத்தில் அவரைக்கொட்டை போட்டு வாக்களித்தார்கள், யாரோ தட்டிக் கொட்டிவிட்டார்கள், ரகசியம் வெளியாகிவிட்டது. சிரித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். மூவாயிரம் பேர் விரும்பினார்கள். சோமசேகரம் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு எழும்பி நடந்தார்.

“பச்சைப் பிழை! அமெரிக்காவிலை அந்தப் பேச்சு புழக்கத்துக்கு வந்தே நூற்றிருபது வருசம்தான் இருக்கும். நடுவிலை ரெண்டாயிரம் வருசம் அந்த அவரைக்கொட்டை எங்கை கிடந்தது?” என்று குசினி வாசலில் நின்று ஞானாம்பிகையிடம் கேட்டார்.

“எனக்கெப்பிடித் தெரியும்? நானே கொண்டுபோய் வைச்சனான்?” என்றாள் அவள். ஆனால் அந்த வீடியோவை அவளும் விரும்பியிருந்ததை அவர் பிறகு கண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வழமைபோல ஜன்னலடியில் இருந்த சோமசேகரம், ஜெயகௌரியின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகும் ஒரு பெண்ணைக் கண்டார். கையில் மண்ணிறக் கடித உறை. நீலப் பூச்சேலை. அந்தச் சேலையைப் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

ஞானாம்பிகை ஒரு மணியும் பத்து நிமிடமும் உள்ளே இருந்தாள். வெளியே வரும்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள். ஜெயகௌரி படலை வரை வந்து அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள்.

“எங்கை போட்டு வாறீர்?” என்று கேட்டார் சோமசேகரம், கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல்.

“கோயிலடிக்கு” என்றாள் அவள். கையில் உறை இல்லை. நெற்றியில் திருநீறும் இல்லை.

மேலே கேட்க அவருடைய கௌரவம் விடவில்லை. கேட்காமல் இருக்க மனம் விடவில்லை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த மனுசி, வீட்டுக்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பாளன் இருக்க, காகிதத்தை எடுத்துக்கொண்டு நாலு வீடு தாண்டிப் போயிருக்கிறாள். என்ன காகிதம்? மற்றவர்களுக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தால் ஒன்றிரண்டைத்தான் நினைப்பார்கள். சோமசேகரத்துக்கோ இருபத்தாறு வருடக் காகிதங்களும் வரிசையாக வந்து நின்றன. விவாகரத்து மனு வந்தது. காணி உறுதி வந்தது. மரண சாசனம் வந்தது. அறுபது வயதில் புருசனை விட்டு மகனோடு போய்த் தங்கிய ஒரு பெண்ணின் சத்தியக் கடதாசிகூட வந்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தார். லாச்சிகளை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கனடாவில் இருக்கும் மகள் தாரிகாவின் தொலைபேசி வந்தால் ஞானாம்பிகை கைபேசியோடு கிணற்றடிக்குப் போகிறாள் என்பதையும் அப்போதுதான் கவனித்தார். தனக்குத் தெரியாதது இன்னொருத்திக்குத் தெரியும் என்ற நினைப்பு நெஞ்சுக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. அவள் யார்? அவரைக்கொட்டைக்காரி!

வியாழக்கிழமை, வெள்ளைச் சேட்டை மாட்டிக்கொண்டு ஜெயகௌரி வீட்டுப் படலையைத் தட்டினார்.

“வாங்கோ அண்ணை, வாங்கோ. இந்தப் பக்கம் வரமாட்டியள் எண்டெல்லோ நினைச்சனான்” என்று அவள் எழும்பி நின்று வரவேற்றாள். ஜன்னல் வழியே ஒரு வருடமாகப் பார்த்த பிளாஸ்டிக் கதிரையில் இப்போது அவர் இருந்தார். தேத்தண்ணி வந்தது.

சண்டையை எங்கிருந்தாவது தொடங்கவேண்டுமே. “உம்மடை வீடியோ பாத்தனான். அவரைக்கொட்டைக் கதை பிழை. அதுக்கு ஒரு ஆதாரமும் இல்லை” என்றார்.

“ஐயோ, பிழையோ அண்ணை? எங்கையோ வாசிச்சதைச் சொல்லிப்போட்டன். நீங்கள் கனகாலமாச் சேர்த்து எழுதி வைச்சிருக்கிறியளாம், அக்கா சொன்னவ. சரியானதை எழுதித் தாங்கோ, உங்கடை பேரையும் சொல்லித் திருத்திப் போடுறன்.”

இதற்கு என்ன செய்வது? அடிக்க ஓங்கிய கையில் பூவை வைத்தால் மனிதனுக்குக் கோபம் கூடத்தான் செய்யும். அதோடு, அக்கா சொன்னாளாமே! தன் கொப்பியைப் பற்றி ஞானாம்பிகை இங்கே வந்து கதைத்திருக்கிறாள். வேறு என்னென்ன கதைத்தாளோ.

“அவ என்னத்துக்கு இஞ்சை வந்தவ?” என்று நேரே கேட்டுவிட்டார்.

“அதை அக்காவிட்டைத்தான் கேக்கவேணும் அண்ணை.”

“நான் அவவின்ரை புருசன்.”

“ஓம் அண்ணை. புருசன்மாருக்கும் நாங்கள் சொல்லுறேல்லைத்தானே. உங்களுக்குத் தெரியாததே?”

மரியாதையாகத்தான் சொன்னாள். மாற்றமில்லாமல் அவருடைய சொந்த வசனம். எத்தனை புருசன்மாரை, எத்தனை மாமிமாரை இதே வசனத்தைச் சொல்லித் தன் படலையால் திருப்பி அனுப்பியிருப்பார்! இப்போது அது அவள் வாயிலிருந்து வந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. அவளும் தன்னைப்போலத்தான் வாயை மூடுகிறாள், ஆனாலும் சனம் அவளிடம்தான் போகிறது. அப்படியானால் தன்னிடம் என்ன குறை?

பொறாமை பிடித்தவன் செய்யாத வேலையைச் சோமசேகரம் அப்போது செய்தார் என்று சொல்ல முடியாது. பொறாமை பிடித்தவன்தான் செய்வான். கதிரையை மேசையோடு நெருக்கி இழுத்தார்.

“இஞ்சை பாரும் தங்கச்சி. நீரும் சத்தியம் செய்த ஆள், நானும் சத்தியம் செய்த ஆள். எங்களுக்குள்ளை ஒளிக்க என்ன கிடக்கு? நான் ஒண்டு சொல்லுறன். நீர் ஒண்டு சொல்லும். வெளியிலை போகாது.”

அவள் வாயைத் திறக்கும் முன்னமே சொல்லத் தொடங்கிவிட்டார். சண்டிலிப்பாயில் தனுசியா என்று ஒரு பிள்ளை. லண்டனில் பதிவுத் திருமணம் செய்து, எட்டு மாதத்தில் விவாகரத்தாகித் திரும்பி வந்தவள். தீர்ப்பைத் தமிழாக்கிய சோமசேகரத்தைத் தவிர இங்கே ஒருவருக்கும் தெரியாது. இப்போது உரும்பிராயில் நல்ல இடத்தில் சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளையிடம் தானே சொல்லப்போவதாகவும், அதுவரை வாய் திறக்கவேண்டாம் என்றும் அந்தப் பிள்ளை சோமசேகரத்தின் முன்னால் கும்பிட்டு நின்றிருந்தாள். பெயர், ஊர், லண்டன் நீதிமன்றம், திகதி, கும்பிட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல இனித்தது. இருபத்தாறு வருடம் அடைத்துவைத்த வாய்க்கு முதல்முறையாகக் காற்றுப் பட்டது. சொல்லி முடித்துவிட்டு, கடைக்காரனிடம் காசை நீட்டியவன் சாமானுக்குக் காத்திருப்பதுபோல ஜெயகௌரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

“அண்ணை, தேத்தண்ணி ஆறப்போகுது. குடியுங்கோ” என்றாள். பிறகு, குனிந்தபடியே, “நீங்கள் சொன்னது ஒண்டும் என்ரை காதிலை விழேல்லை” என்றாள்.

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தார். றோட்டில் வெயில் கண்ணைக் கூசச் செய்தது. வீட்டுக்கு வந்து, பழக்கதோசத்தில் கொப்பியை விரித்தார். இப்போது செய்தது இருநூற்றுப் பதினான்கில் எது? பிளாப்பா? லீக்கா? ஒன்றும் ஒட்டவில்லை. எழுதாமல் விட்ட அந்தத் தமிழ்ச்சொல் ஒன்றுதான் சரியாகப் பொருந்தியது. ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையைத் தூக்கி, தன் மனுசியின் கடித உறைக்கு விலையாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

பின்னேரம் நாலரை மணிக்கு ஞானாம்பிகை தேத்தண்ணியோடு வந்து, வழமைக்கு மாறாக அவர் முன்னால் இருந்தாள்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். கத்தப்படாது.”

அவர் கொப்பியை மூடினார்.

“தாரிகாவுக்கு அஞ்சு மாசம்” என்றாள்.

அவர் விரலை மடித்து மாதத்தை எண்ணினார்.

“பிள்ளைப்பேறு பாக்க நான் போகவேணும். விசாவுக்கு என்ரை பிறப்புப் பத்திரமும் எங்கடை கலியாணப் பத்திரமும் இங்கிலீசிலை வேணும். வீட்டுக்காரர் மொழிபெயர்த்தால் எடுக்கமாட்டினம் எண்டு நீங்கள்தானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறியள். அதுதான் ஜெயகௌரியிட்டைக் குடுத்தனான்.”

அந்த விதி அவருக்குத் தெரியாததா? மொழிபெயர்ப்பாளன் தன் குடும்பத்தின் காகிதத்தில் கை வைக்கக்கூடாது. கொழும்பிலிருந்து லண்டன் வரைக்கும் உள்ள காகிதங்களையெல்லாம் நினைத்து வெந்த மனிதருக்கு, தொழிலின் முதல் பாடம் ஞாபகம் வரவில்லை.

“ஏன் எனக்கு ஒளிச்சனீர்?”

“தாரிகாதான் வேண்டாமெண்டவள். போன முறை ரெண்டாம் மாசமே கற்கண்டு வாங்கிக்கொண்டு கோயிலடி, சந்தையடி, வாசிகசாலையெல்லாம் சொல்லித் திரிஞ்சியள். மூண்டாம் மாசம் அது இல்லையெண்டு ஆனபிறகு, ஆறு மாசமா ஊரெல்லாம் என்னை மறிச்சு மறிச்சுக் கேட்டது. அவளுக்கும் போன் எடுத்துக் கேட்டதுகள். மற்றவையின்ரை விசயமெண்டால் உங்கடை வாய் இரும்புப் பூட்டு. சொந்தச் சந்தோசமெண்டால் பூட்டும் இல்லை, கதவும் இல்லை.”

அது உண்மை. அதை அவர் ஒருநாளும் ரகசியம் என்றே நினைத்ததில்லை. மகளுடைய வயிற்றில் இருந்ததைத் தன்னுடைய செய்தி என்று எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறார்.

“பிறகு இண்டைக்கு ஏன் சொல்லுறீர்?” என்று கேட்டார்.

“ஜெயகௌரிதான் சொன்னவள். ‘அண்ணையைப்போல வாய் இறுக்கமான மனிசன் இந்த ஊரிலை இல்லை அக்கா, அவரைப் பாத்துத்தான் நானும் இந்தத் தொழிலைப் பழகிறன், அவரிட்டைச் சொல்லுங்கோ, தாங்குவார்’ எண்டு. செவ்வாய்க்கிழமை முழுக்க அதைத்தான் சொன்னவள். பாவம், உங்களிலை அவளுக்கு அவ்வளவு மதிப்பு.”

சோமசேகரம் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார், திருப்பி வைத்தார். பேரப்பிள்ளை வருகிற சந்தோசம் ஒரு பக்கத்தால் வந்தது. மற்றப் பக்கத்தால், காலையில் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இடம் பிடிக்க அடிபட்டன.

ஐந்தரைக்குப் படலைச் சத்தம் கேட்டது. ஜெயகௌரி காகிதக் கோவையும் கையுமாக நின்றாள். முடிந்த காகிதங்களைக் கொண்டுவந்திருந்தாள். ஞானாம்பிகை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிப்போட்டன் பிள்ளை! நீர் தந்த துணிவிலைதான் சொன்னனான். என்ன சொல்லுறீர், உவரை நம்பலாந்தானே? வெளியிலை விடமாட்டார்தானே?”

ஜெயகௌரி சோமசேகரத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். காகிதத்தை நீட்டிவிட்டு எதிரே இருக்கிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. இவ்வளவு காலமும் மேசைக்கு மற்றப் பக்கம்தானே இருந்தார்.

“நம்பலாம் அக்கா. பயப்பிடாமல் நம்பலாம்” என்றாள் அவள்.

அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. சொல்லியிருந்தால் அவளை வெறுத்துவிட்டு, தன் ஜன்னலடியில் நிம்மதியாக இருந்திருப்பார். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை.

ஞானாம்பிகை பலகாரம் எடுக்க உள்ளே போனதும், சோமசேகரம் படலைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, நாளைக்கு விடியச் சண்டிலிப்பாய்க்குப் போறன். அந்தப் பிள்ளையிட்டை நான் செய்ததைச் சொல்லவேணும். அவளுக்குத் தெரியவேணும்.”

“எந்தப் பிள்ளை அண்ணை?” என்றாள் ஜெயகௌரி. “சண்டிலிப்பாயிலை எனக்கு ஒருத்தரையும் தெரியாதே.”

அவள் கண்ணில் கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையிலேயே தெரியாதவள் முகம். அந்தப் பூட்டை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.